தொகுப்பு வீட்டுக்கு வயது நாற்பது

காலை ஐந்தரை மணிக்குச் சிலமலையிலிருந்து ஜீப் கிளம்புகிறது. போடி, முந்தல், போடிமெட்டு தாண்டி, பூப்பாறை பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப். சோற்றுத் தூக்கோடு அதில் ஏறிப்போகும் பெண்களில் ஒருவரை நமக்குப் பல வருடமாகத் தெரியும். ஐம்பதைத் தாண்டியவர். மழைக்காலத்தில் அவரும் பேத்தியும் வீட்டுக்குள் படுப்பதில்லை, வாசல் திண்ணையில்தான் படுக்கிறார்கள். உள்ளே கூரையில் காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தொங்குகிறது.

"பகல்ல மலை, ராத்திரி இந்தக் காரை. எது முந்தி மேல விழுதோ தெரியல தம்பி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அது அவருடைய மாமனார் காலத்துத் தொகுப்பு வீடு. நம் தெருக்களில் 'காலனி வீடு' என்றும் சொல்வோம். நம் வட்டாரத்தில் சேரிக் குடிசைகள் கான்கிரீட் வீடானதில் பெரும்பங்கு இந்தத் தொகுப்பு வீடுகளுக்கு உண்டு. அவை எங்கிருந்து வந்தன, இப்போது ஏன் யாருடைய கணக்கிலும் இல்லை என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஏழைகளுக்கு வீடு கட்ட டெல்லியில் ஒரு நிறுவனம் வேண்டும் என்று 1970 ஏப்ரல் 25 அன்று தொடங்கப்பட்டது ஹட்கோ. ஆனால் ஹட்கோ எந்த ஊரிலும் செங்கல் அடுக்கி வீடு கட்டித் தர வந்த அமைப்பல்ல. அதன் வேலை கடன் கொடுப்பது. மாநில வீட்டுவசதி வாரியங்கள் அந்தக் கடனை வாங்கிக் கட்டும். கடனைத் திருப்பிக் கட்டக்கூடியவருக்கு அதனால் வீடு கிடைத்தது. அன்றாடக் கூலிக்குப் போகிறவர், அதுவும் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட நிலத்தில் குடிசை போட்டிருக்கிறவர், அந்த வரிசையில் எங்கே நிற்பார்?

நம் மக்களுக்குக் கூரை என்பது வெறும் வசதி சம்பந்தப்பட்ட விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். ஓலைக் கூரை என்றால் ஒரு தீக்குச்சி போதும். ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடுகள் கட்டித் தருவதை முதல் நோக்கமாக வைத்துத்தான் 1974இல் தமிழ்நாட்டில் தாட்கோ தொடங்கப்பட்டது. தாட்கோவின் முழுப்பெயரிலேயே 'வீட்டுவசதி' இருக்கிறது. இன்று தாட்கோ என்றால் மாடு வாங்கவும் ஆட்டோ வாங்கவும் கடன் தரும் இடம் என்றுதான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 1989இல் போடி வட்டாரத்தில் நடந்த சாதிக் கலவரத்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கான்கிரீட் கூரை ஏன் வேண்டும் என்று அவர்களிடம் கேட்டால் போதும்.

1985இல் வந்தது இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம். அப்போது அது தனித்திட்டம் அல்ல. ஊரக வேலைவாய்ப்புத் திட்டத்துக்குள் ஒரு பகுதி. யாருக்கு? பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கு மட்டும். இது கடனாக இல்லாமல் மானியமாக வந்தது. கிராமத்து ஏழை தலித்துக்கு என்றே ஒன்றிய அரசு வீட்டுக்குப் பணம் ஒதுக்கிய அந்தச் சில வருடங்கள் முக்கியமானவை. 1993-94இல் மற்ற சாதி ஏழைகளுக்கும் திட்டம் விரிந்தது. விரிந்ததில் தவறில்லை, ஏழை எந்தச் சாதியில் இருந்தாலும் ஏழைதான். 1996இல் தனித்திட்டமாகி, 2016இல் பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டமாகப் பெயர் மாறியது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 60 சதவீதம் என்ற ஒதுக்கீடு விதியில் இருக்கிறது.

இப்போதைய கணக்கைப் பார்ப்போம். ஒரு வீட்டுக்குத் திட்டத்தின் தொகை 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். மலை மாநிலங்களுக்கு 1 லட்சத்து 30 ஆயிரம். இதில் ஒன்றிய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம். ஆக, டெல்லியிலிருந்து வருவது 72 ஆயிரம். இந்தப் பணத்தில் கான்கிரீட் கூரை போட முடியாது என்பதால் தமிழ்நாடு அரசு கூரைக்கென்று 1 லட்சத்து 20 ஆயிரம் தனியாகச் சேர்க்கிறது. மொத்தம் 2 லட்சத்து 40 ஆயிரம். கழிப்பறைக்கு 12 ஆயிரமும், நூறு நாள் வேலையில் 90 நாள் கூலியும் இதற்குமேல் சேர்ந்தன. பிரதமர் பெயர் எழுதிய வீட்டில் ஒன்றிய அரசின் பங்கு 30 சதவீதம்தான். பெயர்ப்பலகைக்கு மட்டும் முழுச்சுவர்.

மீதி? மீதி கந்துவட்டி. மகளிர் குழுக் கடன். ஏலத்தோட்டத்தில் கங்காணியிடம் முன்பணம். பணம் அஸ்திவாரம், லிண்டல், கூரை, முடிவு என்று கட்டம் கட்டமாக வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அலுவலர் வந்து, வீட்டின் இருப்பிடம் பதிவாகும்படி செல்பேசியில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். படம் ஏறினால்தான் அடுத்த தவணை. ஆனால் செங்கல்காரர் தவணைக்காகக் காத்திருப்பதில்லை, கொத்தனாரும் காத்திருப்பதில்லை. பாதியில் நின்ற சுவர்களைப் பார்த்து 'வாங்கின பணத்தைக் குடிச்சிட்டான்' என்று ஊர் பேசும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மேலே சொன்ன கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம். போடி மலையில் தேர்தல் வந்தால் வாக்கு இயந்திரம் குதிரை முதுகில் போகிற குடியிருப்புகள் உண்டு. அங்கே ஒரு மூட்டை சிமென்ட் போய்ச் சேரும்போது அதன் விலை என்ன என்று எந்தச் செயலியும் கேட்பதில்லை.

இனி அந்த அக்காவின் வீட்டுக்கு வருவோம். அவருக்கு ஏன் புது வீடு இல்லை?

பயனாளிகள் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துத் தேர்வு செய்யப்பட்டார்கள். வீடில்லாதவர்கள், இரண்டு அறைக்குள் கச்சா சுவரும் கச்சா கூரையும் உள்ளவர்கள் மட்டும் பட்டியலில் வருவார்கள். அக்காவின் வீட்டுக் கூரை கான்கிரீட். பெயர்ந்து விழுந்தாலும் விதியின் கண்ணில் அது பக்கா வீடு. முன்பு அரசு கொடுத்த வீடே இப்போது அரசு வீடு கிடைக்கத் தடையாக நிற்கிறது. நம் தெருக்களில் பாதி மனுக்கள் இந்த ஒரு வரியில்தான் விழுகின்றன.

அடுத்து, 2011இல் கணக்கெடுக்க வந்தபோது மலையில் லயத்தில் தங்கி வேலை பார்த்தவர்களின் கதை. 'அன்றைக்குக் கதவு பூட்டியிருந்தது' என்ற பதிலை நாமே பலமுறை கேட்டிருக்கிறோம். மோட்டார் சைக்கிள் இருந்தால் இல்லை, பிரிட்ஜ் இருந்தால் இல்லை என்ற விதிகள் வேறு. மகன் தவணையில் வாங்கிய பழைய பைக், வேலைக்குப் போக. அதற்காக அம்மாவுக்கு வீடு இல்லை. இந்த இரண்டையும் 2024இல்தான் எடுத்தார்கள். மாத வருமான வரம்பு 10 ஆயிரத்திலிருந்து 15 ஆயிரமானது. இன்னும் 2 கோடி வீடுகள், 2029 மார்ச் வரை என்று அறிவித்துப் புதுக் கணக்கெடுப்பும் தொடங்கியது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மனை. தாத்தாவுக்குக் கிடைத்த 3 சென்ட் பட்டாவில் இன்று மூன்று மகன்களின் குடும்பங்கள். உலையும் மூன்று, ரேஷன் கார்டும் மூன்று, பட்டா மட்டும் ஒன்று. மனை இல்லாதவருக்கு நிலம் எடுத்துக் கொடுக்கத்தான் 1978இல் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. டெல்லியின் 72 ஆயிரமும் சென்னையின் கூரைப் பணமும் நிலம் இருப்பவருக்குத்தான். நிலமில்லாதவர் கையில் அது வெறும் ஆணைக் காகிதம்.

இங்கே இலங்கை மலையகத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்திய அரசு இலங்கையில் 50 ஆயிரம் வீடுகள் கட்ட நிதி கொடுத்தது. போரில் எல்லாம் இழந்த வடக்கு, கிழக்குக்கு 46 ஆயிரம், தேயிலைத் தோட்டத் தமிழர்களுக்கு 4 ஆயிரம். 2017இல் நோர்வூட்டில் பிரதமர் மோடி மலையகத்துக்கு மேலும் 10 ஆயிரம் அறிவித்தார். அந்த மக்கள் போராடிப் பெற்றது வீட்டோடு 7 பேர்ச் நிலமும் உறுதிப் பத்திரமும். 7 பேர்ச் என்பது நம் கணக்கில் 4 சென்ட்டுக்குச் சற்று மேல். இருநூறு வருடம் லயத்தில் கிடந்தவர்கள் முதலில் கேட்டது நிலத்தைத்தான். அதே இந்திய அரசின் பணம் கடல் தாண்டி நிலத்தோடு சேர்ந்து வீடாகிறபோது, போடி மலையடிவாரத்தில் நிலமில்லாமல் காகிதமாகவே கிடப்பது ஏன்?

கேரள லயங்களின் நிலை தனிக்கதை. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் நடைமுறையில் இருந்தவரை, அதன்படி வீடு கொடுக்க வேண்டியவராக இருந்தவர் தோட்ட முதலாளி. வேலை போனால் அந்த வீடும் போகும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மூடி 70 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் உழைத்தும் சொந்தமாக ஒரு மனை இல்லாதவர்கள்.

இப்போது ஒரு வழி திறந்திருக்கிறது. 2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய, பழுதுபார்க்க முடியாத வீடுகளுக்குப் பதில் புது வீடு கட்ட, 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 25 ஆயிரம் வீடுகளுக்கு 600 கோடி ஒதுக்கியது. வீட்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். நல்ல திட்டம், சிறிய எண்ணிக்கை. மாநிலம் முழுக்க நாற்பது வருடமாகக் கட்டிய தொகுப்பு வீடுகளுக்கு 25 ஆயிரம் எந்த மூலைக்கு? ஒன்றிய அரசின் விதியில் 'பழைய அரசு வீடு, குடியிருக்கத் தகுதியற்றது' என்று ஒரு பிரிவைச் சேர்த்தால், அந்த 60 சதவீத ஒதுக்கீட்டுக்கு உண்மையான ஆட்கள் கிடைப்பார்கள். திட்டத்தைத் தொடங்கியதே அந்த ஆட்களுக்காகத்தானே.

பயனாளிகள் பட்டியலை ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் கிராம சபை. கூரையைப் படம் எடுத்து, பட்டா நகலை இணைத்து, அங்கே மனுவாகக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லும்படி அக்காவிடம் சொன்னோம். படத்தை அவர் பேத்தி எடுத்துத் தந்தாள், கம்பி நன்றாகவே தெரிகிறது.

"கிராம சபை என்னைக்கு தம்பி?"

தேதி சொன்னோம். சற்று யோசித்துவிட்டு, அன்றைக்கு ஜீப் போகுமா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டார்.