'குறிஞ்சி பூத்துடுச்சு'ன்னு ஸ்டேட்டஸ் போடுறதுக்கு முன்னாடி... கொடைக்கானல் புல்வெளியின் குட்டி நீலப்பூ!

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் என் சித்தி மகன், ஷிஃப்ட் நண்பர்களோடு வேன் பிடித்து கொடைக்கானல் போயிருந்தான். வண்டி ஸ்ரீபெரும்புதூர் வந்து சேர்வதற்கு முன்பே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வந்துவிட்டது: '12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற குறிஞ்சி. நாங்க பார்த்துட்டோம்!' படத்தில், புல்லுக்கு நடுவே விரல் நகம் அளவுக்கு ஒரு வெளிர்நீலப் பூ. "எங்களையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல" என்று சித்திக்கு வருத்தம். "அக்கா, நீதான் பத்திரிகையில இருக்கியே, இதைச் செய்தியா போடேன்" என்று அவன் எனக்கே படத்தை அனுப்பினான்.

கொடைக்கானல் பக்கம் நீலக்குறிஞ்சி கூட்டமாகப் பூத்தது 2006-ல், அடுத்து 2018-ல். இனி 2030-ல்தான். தவிர, குறிஞ்சி ஒரு புதர்ச் செடி. மணி மாதிரியான பூக்கள் கதிர் கதிராக வரும். சரிவு முழுக்க ஒரே நேரத்தில் பூத்துத்தான் மலையே நீலமாகத் தெரியும். புல்லுக்குள் ஒளிந்துகொண்டு ஒற்றையாக நிற்கிற வழக்கம் அதற்குக் கிடையாது.

அப்படியானால் இது என்ன?

போனில் ஒரு செயலியிடம் கேட்டோம். இமயமலைச் செடி ஒன்றின் பெயரைச் சொன்னது. சிரித்துவிட்டு விட்டுவிடத்தான் இருந்தேன். ஆனால், அந்தப் பதில் முழுக்க அபத்தமும் இல்லை. நீலகிரி, பழனி மலை உச்சிகளின் புல்வெளிகளில் இமயமலைச் செடிகளின் உறவுக்காரர்கள் நிறைய உண்டு. அனிமோன், பார்னாசியா, ஜென்டியன் எல்லாம் அங்கேயும் இருக்கின்றன, இங்கேயும் இருக்கின்றன. நடுவில் உள்ள சமவெளியில்தான் கிடையாது.

சின்ன நீலப்பூ என்று மட்டும் சொன்னால் சந்தேகப் பட்டியல் நீளும். சைனோகிளாஸம் என்று ஒன்று உண்டு. அதன் காய்கள் முள் முள்ளாக வந்து பேன்ட்டில் ஒட்டிக்கொள்ளும். எக்ஸாகம் என்றால் பளிச்சென்ற மஞ்சள் மகரந்தப் பைகள் முதலில் கண்ணில் படும். ஸ்வெர்ட்டியாவுக்கு இதழின் அடிப்பக்கத்தில் தேன் சுரக்கும் குழி இருக்கும். இவை எதையும் மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. நம்மில் பெரும்பாலானோர் எடுப்பது அந்த ஒரு படத்தைத்தான்.

நல்லவேளை, நண்பர் ஒருவரின் போனில் பக்கவாட்டில் எடுத்த இன்னொரு படம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், ஐந்து இதழ் மடல்கள். ஒவ்வோர் இரண்டு மடலுக்கும் நடுவே குட்டியாக ஒரு மடிப்பு. அதனால் ஐந்து இதழ் பூ, பத்து முனை கொண்டதுபோலத் தெரிகிறது. இந்த மடிப்புதான் ஜென்டியானா இனத்தின் அடையாளம். நம் மலை உச்சிகளில் வளரும் குட்டி ஜென்டியனுக்கு, ஜென்டியானா குவாட்ரிஃபேரியா என்று பெயர். வெயில் அடித்தால் விரியும், மேகம் மூடினால் சுருங்கிக்கொள்ளும். மூடிய பூ மேல் எத்தனை பேர் ஷூ காலோடு நடந்திருப்போமோ!

இந்தச் சின்னப் பூக்களை உட்கார்ந்து பார்த்தவர்கள் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஃபைசன், ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானலைச் சுற்றியுள்ள பூச்செடிகளுக்காக 1915-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் படங்களில் பல, அவர் மனைவியும் லேடி போர்னும் வரைந்தவை. அவருக்கும் முன்பே, ராபர்ட் வைட் என்ற மருத்துவருக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள் தென்னிந்தியச் செடிகளை நுணுக்கமாக வரைந்து கொடுத்தார்கள். வைட் ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். நம் காலத்துக்கு வந்தால், திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தின் அருட்தந்தை கே.எம்.மேத்யூ. பழனி மலைத் தாவரங்கள் பற்றிய அவரது பெரிய நூல் 1999-ல் வந்தது.

இவ்வளவு பேர் எழுதி வைத்த புல்வெளிக்கு அரசுக் கணக்கில் வெகுகாலம் இருந்த பெயர், தரிசு. அதனால்தான் அங்கே சீகை, பைன், யூகலிப்டஸ் நட்டார்கள். மரம் நடுவது நல்லதுதானே என்று நமக்கும் தோன்றும். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த 40 ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல்போயிருந்தது. வெயிலுக்கு மட்டுமே கண் திறக்கும் பூ, சீகை நிழலில் என்ன செய்யும்?

அடுத்தமுறை மலைக்குப் போனால், பூவைப் பறிக்காமல் நான்கு படம் எடுங்கள்: மேலிருந்து, பக்கவாட்டில், இலையோடு தண்டு, சுற்றியிருக்கும் இடம். அளவு தெரிய, விரலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

தம்பி ஸ்டேட்டஸை மாற்றிவிட்டான். 'குறிஞ்சி இல்லையாம், ஜென்டியன்.' லைக் பாதியாகக் குறைந்துவிட்டது என்று என் மேல் கோபம். ஆனால், "வெயில் வந்தா நிஜமாவே திறக்குமாக்கா?" என்று கேட்டிருக்கிறான். அடுத்த லீவுக்கு மறுபடியும் வேன் பேசுகிறார்களாம். இந்தமுறை சித்தியும் போகிறார்.