தகரக் கூரை ஒழுக்கும் பீலி அடைப்பும்

தகரக் கூரை ஒழுக்கு என்பது, இரும்பு அல்லது அலுமினியத் தகடு வேய்ந்த கூரையின் வழியாக மழைநீர் வீட்டுக்குள் இறங்குவதைக் குறிக்கும். பீலி என்பது, கூரையிலிருந்து வழியும் நீரை ஏந்திக் கீழே கொண்டுசெல்ல இறவாணத்தை ஒட்டிப் பொருத்தப்படும் நீண்ட திறந்த வாய்க்கால் ஆகும். இலங்கைத் தமிழில் பீலி என்றே வழங்கும் இதற்குத் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் வேறு பெயர்களும் உண்டு.

இந்த இரு சிக்கல்களும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. பீலி அடைத்துக்கொண்டால், நிரம்பிய நீர் வீட்டுப் பக்கமாக வழிந்து சுவரில் இறங்கும். வீட்டில் இருப்போர் அதைக் கூரையில் விழுந்த ஓட்டை என்று எண்ணித் தகட்டின் மேல் தார் பூசுவதும், அடுத்த மழையில் அதே இடம் மீண்டும் நனைவதும் வழக்கமாகக் காணப்படுகிறது. எனவே நீர் எவ்வழியாக வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வதே பழுது பார்ப்பதன் முக்கியப் பகுதியாகும்.

கூரைத் தகடுகளின் வகை

நெளி தகட்டுக்கு 1829ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி ராபின்சன் பாமர் என்ற பொறியாளர் காப்புரிமை பெற்றார். நெளிவு இருப்பதால் மெல்லிய தகடும் வளையாமல் பாரம் தாங்குகிறது. மழைநீரும் பள்ளங்களின் வழியே ஓடிவிடுகிறது. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் துத்தநாகம் பூசும் முறைக்கு 1837இல் பிரான்சைச் சேர்ந்த ஸ்தானிசுலாசு சோரெல் காப்புரிமை பெற்றார். ‘ஜி.ஐ. ஷீட்’ என்று கடைகளில் விற்கப்படுவது இவ்வகைத் தகடே. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் அரிக்கப்படும் உலோகம். ஆகவே தகட்டில் சிறு கீறல் விழுந்தாலும், துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். பூச்சு முழுவதும் தீர்ந்த இடத்தில்தான் செந்துரு தோன்றும்.

இப்போது அதிகம் விற்பனையாகும் நிறம் பூசிய தகடுகள் பலவற்றில் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு உள்ளது. இதில் எடையளவில் ஏறத்தாழ 55 விழுக்காடு அலுமினியம், 43.4 விழுக்காடு துத்தநாகம், 1.6 விழுக்காடு சிலிக்கான் இருக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று பூச்சை விரைவில் அரிப்பதால், உள்நாட்டைவிட அங்கே தகட்டின் ஆயுள் குறைவு.

ஒழுகும் இடங்கள்

நன்கு இருக்கும் தகட்டின் நடுவில் ஒழுக்கு ஏற்படுவது அரிது. தகட்டில் துளையிட்ட இடத்திலும், ஒரு தகடு மற்றொன்றோடு அல்லது சுவரோடு சேரும் இடத்திலுமே நீர் நுழைகிறது.

திருகாணித் துளைகள்: பழைய கூரைகளில் தகடு ‘ஜே’ வடிவக் கொக்கியாலும் தார் வாஷராலும் பிணைக்கப்பட்டிருக்கும். புதிய கூரைகளில் ரப்பர் வாஷர் உள்ள திருகாணி பயன்படுகிறது. வெயிலில் வாஷர் காய்ந்து வெடிக்கும்போது துளையைச் சுற்றி இடைவெளி உண்டாகிறது. தகடு சூட்டில் நீள்வதும் குளிரில் சுருங்குவதும் இதற்குத் துணைசெய்கின்றன. 6 மீட்டர் நீளமுள்ள இரும்புத் தகடு 40 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 3 மி.மீ. நீளும், அலுமினியத் தகடு அதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு நீளும். நாள்தோறும் இப்படி அசைவதால் துளை மெல்ல அகலமாகிறது. நெளி தகட்டில் துளை மேட்டில் இருக்க வேண்டும். நீர் ஓடும் பள்ளத்தில் இட்ட துளை விரைவில் ஒழுகும்.

மேற்படியும் இடங்கள்: மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் பொதுவாக 15 செ.மீ. அளவாவது படிய வேண்டும். படிவு குறைந்தாலோ, கூரைச் சரிவு போதாவிட்டாலோ காற்று நீரை மேல்நோக்கித் தள்ளும். ஒட்டியிருக்கும் இரு தகடுகளின் நுண்ணிய இடைவெளியில் நுண்புழை ஏற்றத்தாலும் நீர் உள்ளே இழுக்கப்படும். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போன்ற செயலே இது. பக்கவாட்டு இணைப்பின் திறந்த விளிம்பு மழைக்காற்று வரும் திசையைப் பார்த்து இருக்கக் கூடாது. சோழமண்டலக் கடற்கரையில் பெருமழை வடகிழக்கிலிருந்து வருவதால், தகடு வேயும்போது இதைக் கருத வேண்டும்.

சுவரோடு சேரும் இடம்: தாழ்வாரக் கூரை வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில் சிமெண்டுக் கலவை பூசி விடுவது வழக்கம். தகடு அசைகிறது, சிமெண்டு அசைவதில்லை. ஆகவே முதல் கோடையிலேயே அங்கே வெடிப்பு விழுந்துவிடும்.

நீர் நுழையும் இடத்தைக் கண்டறிதல்

நீர் சொட்டும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது குறைவு. துளை வழியே வந்த நீர் தகட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டியபடியே சரிவில் இறங்கி, குறுக்குச் சட்டத்தில் தட்டிய பிறகே சொட்டும். ஆகவே சொட்டும் இடத்திலிருந்து கூரையின் உயரமான பக்கத்தை நோக்கித் தேட வேண்டும்.

பகலில் வீட்டின் விளக்குகளை அணைத்து, சன்னல்களை மூடி மேலே பார்த்தால் ஓட்டைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். மழை பெய்யும்போது உள்ளிருந்து ஈரத் தடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துவைத்தால் பின்னர் தேடுவது எளிது. மழையில்லாத நாளில் ஒருவர் குழாயால் கூரையில் நீர் விட, மற்றொருவர் உள்ளிருந்து பார்க்கலாம். அப்போது தாழ்வான ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பகுதியிலும் சில நிமிடங்கள் நீர் விட்டு மேலே செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் கூரை முழுவதும் நனைந்து, எந்த இடத்தில் நீர் புகுந்தது என்று அறிய முடியாது.

மழையின் தொடக்கத்தில் ஒழுகாமல், பெருமழை நீடித்த பிறகு மட்டும் சுவரோரம் ஒழுகினால் பீலியையே முதலில் பார்க்க வேண்டும்.

மழையே இல்லாத நாளில் விடியற்காலையில் தகட்டின் அடியில் நீர்த்துளிகள் கோத்து நிற்பதும் உண்டு. இரவில் தகடு விரைவாகக் குளிர்வதால், வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டு நீராகிறது. சமையலறையின் மேல் இது அதிகம். இதற்குத் தீர்வு தார் அல்ல. நீராவி வெளியேறக் காற்றோட்டம் அமைப்பதே ஆகும்.

கூரை ஏறும் முன்

ஒழுக்கால் ஏற்படும் சேதத்தை விட, அதைச் சரிசெய்ய ஏறித் தவறி விழுவதால் ஏற்படும் தீங்கு பெரிது. மழையிலும், தகடு காயும் முன்பும், இடி மின்னலின்போதும், இரவிலும் கூரை ஏறக் கூடாது. அந்நேரத்தில் உள்ளே வாளி வைப்பதும், நனையும் அறையின் மின்சாரத்தை முதன்மைச் சுவிட்சில் நிறுத்துவதும் போதும்.

ஏணியின் உயரம் 4 அடி என்றால் அடிப்பகுதி சுவரிலிருந்து 1 அடி தள்ளி இருக்க வேண்டும். அதன் காலை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏணியைப் பீலியின் மேல் சாய்க்கக் கூடாது. அருகில் மின்கம்பி சென்றால் உலோக ஏணியைத் தவிர்க்க வேண்டும். கூரையில் திருகாணி வரிசை செல்லும் இடத்தின் கீழேதான் குறுக்குச் சட்டம் இருக்கும். அச்சட்டங்களின் மேல் அமையுமாறு பலகை இட்டு அதன் மேல் மட்டுமே நடக்க வேண்டும்.

கல்நார் சிமெண்டுத் தகடு (ஆஸ்பெஸ்டாஸ்) தொலைவிலிருந்து தகரம் போலத் தோன்றும். அது எச்சரிக்கை இன்றி உடைந்து ஆளை உள்ளே விழச் செய்யும். அதைத் தேய்த்தாலும் துளையிட்டாலும் வெளிப்படும் நார்த்தூசி நுரையீரலுக்குக் கேடானது. அத்தகைய கூரையில் வீட்டார் தாமே வேலை செய்யக் கூடாது.

பழுது பார்க்கும் முறை

வாஷர் கெட்ட திருகாணியை இறுக்கிப் பயனில்லை. அதை மாற்ற வேண்டும். துளை அகலமாகியிருந்தால் சற்றுத் தடிமனான திருகாணி இடலாம். வாஷர் தகட்டில் சீராகப் படியும் வரை இறுக்கினால் போதும். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் அது விரைவில் வெடிக்கும்.

சிறு ஓட்டையைச் சுற்றி உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துடைத்து, நன்கு காயவிட்டு, துரு எதிர்ப்பு முதல்பூச்சு (பிரைமர்) அடிக்க வேண்டும். அதன் மேல் அலுமினியத் தாள் ஒட்டிய தார் நாடாவை, ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. படியுமாறு ஒட்டலாம். ஈரத்தின் மேலும் தூசியின் மேலும் எந்த ஒட்டும் நிற்காது. கல் போல் இறுகும் பசைகள் தகட்டின் அசைவுக்கு ஈடுகொடுக்காமல் பெயர்ந்துவிடும். சிலிக்கான் பசை வாங்கினால் காடி மணம் வீசாத நடுநிலை வகையைக் கேட்டு வாங்க வேண்டும். காடி மணம் உள்ள வகையிலிருந்து வெளிப்படும் அசெட்டிக் அமிலம் துத்தநாகப் பூச்சை அரிக்கும்.

சுவரோரத்தில் வெடித்த சிமெண்டை நீக்கி, சுவரில் பள்ளம் வெட்டி, வளைத்த தகட்டின் ஒரு விளிம்பை அதில் செருக வேண்டும். மறு விளிம்பு கூரைத் தகட்டின் மேல் தளர்வாகப் படிந்திருந்தால் கூரை அசைந்தாலும் இணைப்பு வெடிக்காது. செம்புக் குழாயிலிருந்து வடியும் நீர் துத்தநாகத்தை அரிக்கும் என்பதால், குளிர்சாதனக் கருவியின் நீரைக் கூரையில் விடாமல் தனிக்குழாயில் இறக்குவது நல்லது.

தகட்டில் வெளிச்சப் புள்ளிகள் பல தெரிந்தாலோ, விரலால் அழுத்தும்போது துரு உதிர்ந்தாலோ ஒட்டுப்போடுவது வீண்செலவு. அத்தகட்டை மாற்றுவதே முறை.

பீலி அடைப்பு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். 6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள ஒருபக்கச் சரிவுக் கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் 1,500 லிட்டர் நீர், அதாவது நிமிடத்துக்கு 25 லிட்டர், ஒரே பீலியில் வந்து சேர்கிறது. இறங்கு குழாயின் வாயில் ஒரு பிடி வேப்பிலைச் சருகு சேர்ந்தாலும் இவ்வளவு நீர் வடிய வழியில்லை.

அடைத்த பீலியின் எடையும் சிறிதல்ல. 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம், 6 மீட்டர் நீளம் உள்ள பீலி நிரம்பினால் 90 கிலோ நீர் அதில் தொங்கும். தாங்கிகள் வளைந்து பீலி நடுவில் தொய்ந்துவிட்டால், அதன் பிறகு சருகே இல்லாவிட்டாலும் நீர் தேங்கும். ஈரச் சருகு பீலியின் அடியைத் துருப்பிடிக்கவும் செய்யும்.

தேங்கிய நீர் டெங்கு பரப்பும் ஏடிசு கொசு பெருகும் இடமாகிறது. தமிழக வெப்பநிலையில் அதன் முட்டை கொசுவாக வளர 7 முதல் 10 நாள்களே போதும். முட்டைகள் நீர் வற்றிய பிறகும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கக் கூடியவை. ஆகவே நீரை வடித்தால் மட்டும் போதாது, பீலியின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

சுத்தம் செய்யும்போது கையுறை அணிய வேண்டும். சருகுக்குள் தேள், பூரான், குளவிக்கூடு இருக்கலாம். தகட்டின் விளிம்பும் கையை வெட்டும். சருகைக் கையாலோ சிறு கரண்டியாலோ அள்ளி வாளியில் போட வேண்டும். குழாய்க்குள் தள்ளக் கூடாது. பிறகு வாளி நீர் ஊற்றினால், அது தேங்காமல் குழாயை நோக்கி ஓட வேண்டும். இதற்கு மீட்டருக்கு ஏறத்தாழ 5 மி.மீ. சரிவு, அதாவது 6 மீட்டருக்கு 3 செ.மீ. இருந்தால் நன்று. பீலியின் வெளிவிளிம்பு வீட்டுப்பக்க விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பது மற்றொரு காப்பு. அடைத்தாலும் நீர் சுவரில் இறங்காமல் வெளியே வழியும். குழாய் வாயில் கம்பிவலைக் குமிழ் வைத்தால் சருகு உள்ளே போகாது. ஆயினும் வலையின் மேல் சேரும் சருகை அவ்வப்போது அகற்ற வேண்டும்.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பீலியை அதனுடன் இணைத்திருந்தால், முதல் மழையின் நீரை வெளியே விட்டுவிட வேண்டும். பறவை எச்சமும் தூசியும் அதோடு போய்விடும்.

மழைக்கு முந்திய பராமரிப்பு

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் பகுதிகளில் செப்டம்பரிலும், தென்மேற்குப் பருவமழை பெறும் கன்னியாகுமரி, நீலகிரி போன்ற பகுதிகளில் மே மாதத்திலும் கூரையையும் பீலியையும் பார்ப்பது பொருத்தம். அப்போது தகடு காய்ந்திருப்பதால் பூச்சும் நாடாவும் நன்கு பிடிக்கும். கூரை மேல் சாய்ந்த கிளைகளை வெட்டுதல், பீலியைக் கழுவுதல், வாஷர்களைப் பார்த்தல், சுவரோர இணைப்பைப் பார்த்தல் ஆகிய நான்கும் சிறிய வீட்டில் அரை நாளில் முடியும் வேலைகள். மழைக்காலத்தில், மழை நின்று கூரை காயும் நாள்களில், வாரம் ஒருமுறை பீலியை மட்டும் பார்த்தால் போதும். காக்கைக் கூடும் தென்னம்பாளையும் விழும் வீடுகளில் ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பிறகும் பார்ப்பது நல்லது.