இராணுவக் கம்பளி மேலங்கி

இராணுவக் கம்பளி மேலங்கி (கிரேட் கோட்) என்பது குளிர்ப் பகுதிகளில் படைவீரர்கள் சீருடையின் மேல் அணிந்த, முழங்காலுக்குக் கீழ் வரை நீளும் தடித்த கம்பளி உடையாகும். போர்கள் முடிந்தபின் மிஞ்சியவை பல நாடுகளில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. இன்றும் பலர் அவற்றைக் குளிர்காலத்தில் அணிகின்றனர்.

வெப்பம் காக்கும் முறை

மேலங்கி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. கம்பளி இழைகளுக்கிடையே தங்கும் காற்று, உடல் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் பருத்தியைப்போல் உடலில் ஒட்டிக் குளிரூட்டாது. 1962 இந்திய-சீனப் போரில் இமயமலையில் பருத்திச் சீருடையுடன் நின்ற நம் வீரர்கள் பலர் பனிக்கடிக்கு ஆளாயினர்.

அணியும் முறை

பனமலை போன்ற சமவெளி ஊர்களின் மார்கழிப் பனிக்கு ஒரு போர்வையே போதும். சனவரி இரவுகளில் உறைபனி விழும் உதகைக்குச் செல்வோருக்கு இம்மேலங்கி பயன்படும். உள்ளே சுவெட்டர் அணியுமளவு தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கமானால் காற்று தங்க இடமிராது. பழைய கம்பளியை அந்துப்பூச்சி அரிக்கும் என்பதால், வெயிலில் உலர்த்தி உதறிய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும்.

சட்டம்

தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்துடன் அவர்களின் உடையை அணிவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவின்படி குற்றம். 3 மாதம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். எனவே தோள்பட்டைச் சின்னங்களையும் பதக்கங்களையும் அகற்றிவிட்டு அணிவதே முறை. அவை உழைத்துப் பெற்றவருக்கு உரியவை.