வயிற்றைப் பிடித்த சொல்

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கிரைப் வாட்டர் பாட்டிலும் இருக்கும். ‘கிரேப் வாட்டர்’ என்று சொல்லி, திராட்சையில் செய்தது என்றே நம்புகிறவர்கள் உண்டு. திராட்சைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ‘கிரைப்’ என்றால் வயிற்றுப் பிடிப்பு. இன்றைய ஆங்கிலத்தில் அதே சொல்லுக்கு ஓயாமல் குறைபட்டுக்கொள்வது என்றும் பொருள்.

தொடக்கத்தில் அதில் வயிறும் இல்லை, புலம்பலும் இல்லை, கை மட்டும்தான். பழைய ஆங்கிலத்தில் ‘கிரீபன்’ என்றால் இறுகப் பற்றுவது. கைப்பிடியைச் சொல்லும் ‘கிரிப்’ அதன் உடன்பிறப்பு. இருட்டில் கையால் துழாவுவதைச் சொல்லும் ‘குரோப்’பும் அப்படியே. இதே வேர் பிரெஞ்சுக்குள் போய், ஆளைப் பிடித்து ஆட்டும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் பெயராகிவிட்டது.

பிறகு அந்தப் பிடி வயிற்றுக்குள் இறங்கியது. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் யார் யார் எதனால் இறந்தார்கள் என்று வாராவாரம் பட்டியல் அச்சிடுவார்கள். ஊரே பிளேக்கில் மடிந்த 1665இலும், குடல் பிடிப்பால் இறந்தவர்களுக்கு அதில் தனி வரி இருந்தது. அன்று அது உயிரைக் குடிக்கும் நோயின் பெயர்.

1851இல் நாட்டிங்ஹாம் நகரத்து மருந்துக்காரர் வில்லியம் உட்வர்ட் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கொஞ்சம் சாராயம் கலந்து குழந்தைகளுக்கு ஒரு மருந்து செய்தார். 1876இல் ‘கிரைப் வாட்டர்’ என்ற அதன் பெயரைப் பதிவும் செய்தார். நம் பாட்டிமார் பாலாடையில் ஊற்றிப் புகட்டியது அந்த வழியில் வந்ததுதான்.

புலம்பல் என்ற பொருள் மிகவும் பிந்தியது. 1930களில்தான் அமெரிக்கப் பேச்சு வழக்கில் தலைகாட்டுகிறது. வயிற்றுப் பிடிப்பு வந்த குழந்தையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தத் தாவல் புரியும். முழங்கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கி, முகம் சிவந்து வீறிடும். சட்டென்று அடங்கும். அப்பாடா என்று தொட்டிலில் போட்டால் மறுபடி பிடிக்கும். மனக்குறை உள்ளவர் பேச்சும் அப்படித்தான். ஓய்ந்தது என்று நினைக்கும்போது மீண்டும் அதே இடத்தில் தொடங்கும்.

அகராதிகள் இதற்கு ‘முணுமுணுப்பு’ என்று தருவது எனக்கு ஒப்பவில்லை. முணுமுணுப்பு வாயோடு நின்றுவிடும். இது வயிற்றிலிருந்து வருவது. அநியாயம் நடந்தால் நமக்கும் வயிறுதானே எரிகிறது? மொழிபெயர்க்கச் சொன்னால் நான் ‘வயிற்றெரிச்சல்’ என்றே எழுதுவேன்.