களிற்றுயிர்த் தூம்பும் ட்யூபாவும்

போலீஸ் பேண்டில் மடியளவு பெரிய பித்தளைக் கருவி ஒன்றை அணைத்துப் பிடித்து, 'பூம் பூம்' என்று அடித்தொண்டையில் ஊதுவாரே ஒருவர், கவனித்திருக்கிறீர்களா? அதுதான் ட்யூபா.

லத்தீனில் ட்யூபா என்றால் ஊதுகுழல். ரோமாபுரிப் படையில் அந்தப் பெயரில் இருந்தது நீளமான நேர் ஊதல், நம்ம எக்காளம் மாதிரி. 1835-ல் பெர்லினில் வீப்ரெக்ட், மோரிட்ஸ் என்ற இருவர் வால்வு வைத்த தாழ்சுருதிக் கருவிக்குப் பேட்டன்ட் வாங்கியபோது அந்தப் பழைய பெயரையே வைத்துவிட்டார்கள். அதன் தம்பி யூபோனியம். கிரேக்கத்தில் 'இனிய குரல்' என்று பொருள். ஆனால் ஹோல்ஸ்ட் 1914 முதல் 1917 வரை எழுதிய 'கோள்கள்' இசையில் அதற்குரிய பகுதிக்கு 'டெனர் ட்யூபா' என்று பெயர். ரேஷன் கார்டில் ஒரு பேர், வீட்டில் கூப்பிட ஒரு பேர்!

சுருதி எப்படித் தாழ்கிறது? குழாயின் நீளம்தான். யூபோனியத்தின் குழாயை நிமிர்த்தினால் சுமார் 9 அடி. பெரிய ட்யூபா 18 அடி. நீளம் இரட்டித்தால் ஒரு ஸ்தாயி கீழே போகும். வால்வை அமுக்கினால் காற்று இன்னொரு சிறு குழாயையும் சுற்றிவிட்டு வரும். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு பைபாஸ் லைன் என்றால் போதும்.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைக்கிறோம். பெங்களூர் ரோட்டில் இருக்கிற செங்கத்தைப் பாருங்கள். சங்க காலத்தில் அது செங்கண்மா, நன்னன் என்ற மன்னனின் ஊர். அவனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டுதான் 583 அடி கொண்ட மலைபடுகடாம். பாடியவர் பெருங்கௌசிகனார். உ.வே.சா. 1889-ல் பத்துப்பாட்டை அச்சேற்றியபோது அதுவும் அச்சானது. அதன் தொடக்கத்திலேயே கூத்தர்கள் பையில் கட்டிக் காவடியாகத் தூக்கிப் போகும் வாத்தியங்களின் வரிசை வருகிறது: முழவு, ஆகுளி, பாண்டில், மயிற்பீலி கட்டிய கோடு, குழல்... கூடவே களிற்றுயிர்த் தூம்பு. யானை பெருமூச்சு விடுகிற மாதிரி ஒலிக்கும் நீண்ட ஊதல்! கணுக்களின் நடுவே துளை திறந்தது என்பதால் அது மூங்கில் என்றே எனக்குப் படுகிறது, பித்தளை அல்ல. ஆனால் வேலை ஒன்றுதான். பக்கத்திலேயே குறும்பரந்தூம்பு என்ற சின்னதும் இருக்கிறது. ட்யூபாவும் யூபோனியமும் போல அண்ணன் தம்பி. தாழ்ந்த குரல், நடுக்குரல், மேலே குழல் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு மலை ஏறிப் போன ஏழைக் கலைஞர்களின் ஆர்க்கெஸ்ட்ரா அது!

ட்யூபா, தூம்பு என்று காதுக்கு ஒன்றுபோல் கேட்பதால் சொந்தம் கொண்டாட வேண்டாம், அது வீண் வம்பு. எண்ணம்தான் ஒன்று. ரெண்டும் குழாய். ஏரித் தண்ணீர் வயலுக்கு வெளியேறும் குழாய் வழிக்கும் தூம்பு என்றுதான் பெயர். விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு இதற்கு அகராதி வேண்டாம். கோடு என்றால் கொம்பு. மாட்டுக் கொம்பு போய் உலோகம் வந்த பிறகும் பெயர் மாறவில்லை, இங்கிலீஷில் ஹார்ன் மாறாதது மாதிரியே. திருவிழாவில் சாமி புறப்பாட்டின் முன்னால் வளைந்த கொம்பை ஊதும்போது காது கொடுத்துக் கேளுங்கள். நன்னன் ஊருக்குப் போன பையில் இருந்த கோட்டின் வாரிசு அது.