வற்றும் ஊருணி

உலகெங்கும் உள்ள புரோகிராமர்கள் கூலி வாங்காமல் பதில் எழுதி நிரப்பிய இடம் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ. அந்தப் பதில்களைப் படித்து வளர்ந்த இயந்திரங்கள் வந்த பிறகு, அங்கே கேள்வி கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

2012-ல் ஒரு புரோகிராமர் கேட்ட கேள்வி இது: 'விம்' என்ற எடிட்டருக்குள் மாட்டிக்கொண்டேன், வெளியே வருவது எப்படி? லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் கூடவே வரும் பழைய எழுத்துக் கருவி இந்த விம். மெனு கிடையாது. மூலையில் மூடுவதற்கான பெருக்கல் குறியும் கிடையாது. தெரியாமல் உள்ளே நுழைந்தவர் எதை அழுத்தினாலும் ஏதாவது விபரீதம்தான் நடக்கும். பதில் என்னவோ ஒரு வரி: எஸ்கேப் பட்டனைத் தட்டி, ஒரு முக்காற்புள்ளியும் 'க்யூ' என்ற எழுத்தும் அடித்து, என்டரைத் தட்டினால் விடுதலை. இந்த ஒரு வரிக்காக 2017 மே மாதத்துக்குள் அந்தப் பக்கம் 10 லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டிருந்தது. 10 லட்சம் பேரை விம்மிலிருந்து மீட்டிருக்கிறோம் என்று ஸ்டேக் ஓவர்ஃப்ளோ நிறுவனமே கேலியும் பெருமையுமாக அறிவித்துக்கொண்டது.

வெளியார் கண்ணுக்கு இது அற்ப விஷயமாகத் தெரியலாம். ஆனால் புரோகிராம் எழுதும் தொழிலில் பாதி நேரம் இப்படிப்பட்ட அற்ப விஷயங்களோடு மல்லுக்கட்டுவதில்தான் கழிகிறது. ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் திடீரென்று நின்றுபோய், புரியாத ஆங்கிலத்தில் ஒரு எரர் வாசகத்தைக் காட்டும். அந்த வாசகத்தை அப்படியே கூகுளில் போட்டால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ பக்கமாகவே இருந்தது. பெங்களூரின் பெரிய கம்பெனியிலும் சரி, மாவட்டத் தலைநகரின் பொறியியல் கல்லூரி லேபிலும் சரி, அதே பக்கம்தான். 2021-ல் அந்த நிறுவனம் நடத்திய ஆண்டுக் கணிப்பில் 80,000-க்கு மேற்பட்டோர் பங்கேற்றார்கள். நாடுவாரியான வரிசையில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு.

2008-க்கு முன்பு நிலைமை வேறு. கேள்விகள் கண்ணுக்குத் தெரியும், பதில்கள் சந்தா கட்டியவருக்கு மட்டும் என்று வியாபாரம் செய்த தளங்கள் இருந்தன. எரிச்சலடைந்த இரண்டு அமெரிக்கர்கள், ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஜெஃப் அட்வுட்டும், எல்லாமே இலவசம், எல்லாமே பொது என்று ஒரு மாற்றை ஆரம்பித்தார்கள். தளத்துக்குப் பெயரைக்கூட அட்வுட்டின் எழுத்துக்களைப் படிப்பவர்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். (கம்ப்யூட்டர் நினைவகத்தில் ஒதுக்கப்பட்ட இடம் நிரம்பி வழியும்போது ஏற்படும் ஒரு கோளாறின் பெயர்தான் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ.) 2008 செப்டம்பரில் தளம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

காசு கொடுக்காமல் நிபுணர்களை எப்படி வேலை வாங்குவது? அங்கேதான் சாமர்த்தியம். நல்ல பதிலுக்கு ஒருவர் ஓட்டுப் போட்டால் எழுதியவருக்கு 10 புள்ளி. கேட்டவரே இதுதான் சரியான பதில் என்று ஏற்றுக்கொண்டால் இன்னும் 15. மோசமான பதிலுக்கு எதிர் ஓட்டு விழுந்தால் 2 புள்ளி போய்விடும். எதிர் ஓட்டுப் போட்டவருக்கும் 1 புள்ளி நஷ்டம், அவரும் யோசித்துத்தான் போட வேண்டும். புள்ளிகள் ஏற ஏற அதிகாரமும் ஏறும். 2,000 புள்ளி உள்ளவர் மற்றவர் எழுத்தை நேரடியாகவே திருத்தலாம். 3,000 இருந்தால் ஒரு கேள்வியை மூட ஓட்டுப் போடலாம். ஜான் ஸ்கீட் என்ற பிரிட்டிஷ் புரோகிராமர் 2018 ஜனவரியில் 10 லட்சம் புள்ளிகளைத் தொட்ட முதல் ஆள் ஆனார். பகல் முழுக்க கூகுளில் வேலை பார்த்தவர் அவர். சம்பளமில்லாத இந்த இரண்டாவது வேலையில்தான் அவருக்கு உலகப் புகழ்.

இன்னொரு ஏற்பாடு அப்போது பலருடைய கவனத்துக்கு வரவில்லை, இன்றைய தகராறுக்கெல்லாம் மூலம் அதுதான். எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே நிபந்தனையோடு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ்தான் எல்லாப் பதில்களும் வெளியாகின்றன. அது மட்டுமல்ல, தளத்தில் உள்ள அத்தனை கேள்வி பதில்களையும் மூட்டையாகக் கட்டி 3 மாதத்துக்கு ஒருமுறை இலவசமாக நிறுவனம் வெளியிட்டு வந்தது. கம்பெனி கைமாறினாலும் மூழ்கினாலும் எழுதியது வீணாகாது என்ற உத்தரவாதம் அது. அதை நம்பித்தான் ஆயிரக்கணக்கானோர் ராத்திரி கண்விழித்து எழுதினார்கள்.

ஆனால் அந்தச் சபை புதியவர்களை வரவேற்ற லட்சணம் பற்றி நல்லவிதமாகச் சொல்வது கஷ்டம். முதல் கேள்வியைப் பயந்து பயந்து எழுதும் மாணவருக்கு 10 நிமிடத்தில் 3 எதிர் ஓட்டுகள், இது ஏற்கனவே கேட்கப்பட்டது என்ற ஒரு முத்திரை, கதவு மூடப்பட்டது என்ற அறிவிப்பு. காரணம் இல்லாமல் இல்லை. ஒரே கேள்வி நூறு இடத்தில் இருந்தால் தேடுபவர் திண்டாடுவார், அதனால்தான் கறார். என்றாலும் குப்பையைப் பெருக்குகிறவர் வந்தவரையும் சேர்த்துப் பெருக்கிவிட்டார் என்பதுதான் நடந்தது. தாங்கள் அவ்வளவாக வரவேற்கும் இடமாக இல்லை என்று 2018 ஏப்ரலில் நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இந்தியர்களுக்கு ஆங்கிலம் என்ற கூடுதல் சுமை. போர்த்துகீசியம், ஜப்பானியம், ரஷ்யன், ஸ்பானிஷ் மொழிகளுக்குத் தனித் தளங்கள் 2014, 2015-லேயே வந்துவிட்டன. கணிப்பில் இரண்டாமிடம் பிடித்த நாட்டின் எந்த மொழிக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

2021 ஜூனில் 180 கோடி டாலர் கொடுத்து ஸ்டேக் ஓவர்ஃப்ளோவை வாங்குவதாக புரோசஸ் நிறுவனம் அறிவித்தது. கேள்விகளின் எண்ணிக்கை 2014-ல் உச்சத்தைத் தொட்டு அதற்குள் தேக்கம் கண்டிருந்தது, என்றாலும் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 17 மாதம் கழித்து, 2022 நவம்பர் 30-ம் தேதி சாட்ஜிபிடி வந்தது. எத்தனை முட்டாள்தனமாகக் கேட்டாலும் அது முகம் சுளிக்காது. ஏற்கனவே கேட்கப்பட்ட கேள்வி என்று விரட்டாது. ஒரு நிமிடத்துக்குள் பதில்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 5-ம் தேதி சாட்ஜிபிடி எழுதிய பதில்களுக்கு ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தடை போட்டது. புள்ளி சேர்க்கும் ஆசையில் பலர் இயந்திரத்திடம் கேட்டு அப்படியே கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவை தப்பு என்பதைவிட, சரி போலவே இருந்ததுதான் பிரச்சினை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் இருந்த 517 கேள்விகளை சாட்ஜிபிடியிடம் கேட்டுப் பார்த்தார்கள். 52 சதவீதப் பதில்களில் பிழை இருந்தது. சோதனையில் பங்கேற்றவர்கள் 39 சதவீதத் தடவை அந்தப் பிழையைக் கவனிக்கவே இல்லை. பண்பான, விஸ்தாரமான நடை கண்ணை மறைத்துவிட்டது. இயந்திரங்கள் அதற்குப் பிறகு எவ்வளவோ தேறிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சோதனை ஆரம்ப காலத்தது.

தடையை அமல்படுத்திய மாடரேட்டர்களும் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான். சந்தேகத்தின் பேரில் இயந்திரப் பதில்களை நீக்கக் கூடாது என்று 2023 மே மாதம் நிறுவனம் அவர்களுக்கு உத்தரவு போட்டது. தங்களிடம் சொன்னது ஒன்று, ஊருக்குச் சொன்னது வேறு என்பது அவர்களின் புகார். ஜூன் 5-ம் தேதி ஸ்டிரைக் ஆரம்பமானது. கூலியே இல்லாதவர்கள் வேலைநிறுத்தம் செய்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றும். தொண்டர்களே எழுதி, தொண்டர்களே ஓட்டிவந்த 'ஸ்மோக் டிடெக்டர்' என்ற விளம்பரக் குப்பை பிடிக்கும் புரோகிராம் நிறுத்தப்பட்டபோது நஷ்டம் யாருக்கு என்பது தெரிந்தது. அந்த இலவச மூட்டையும் சத்தமில்லாமல் நின்றுபோயிருந்ததும் அப்போது அம்பலமானது; எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்ப வந்தது. ஆகஸ்டில் சமரசம். அக்டோபரில் நிறுவனம் தன் சம்பளக்காரர்களில் 28 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்பியது.

2019-லிருந்து தலைமைப் பொறுப்பில் இருக்கும் பிரசாந்த் சந்திரசேகருக்கு முன்னால் இருந்த வழிகள் அதிகமில்லை. விளம்பர வருமானம் பார்வையாளர்களை நம்பியது, பார்வையாளர்களோ குறைகிறார்கள். கையில் இருக்கும் சொத்து, 15 ஆண்டுகளாகக் குவிந்த கேள்வி பதில். செயற்கை நுண்ணறிவு கம்பெனிகளுக்கு அதன் அருமை தெரியும்: மெட்டா 2023 பிப்ரவரியில் வெளியிட்ட தன் 'லாமா' மாடலுக்குப் பயிற்சி அளித்த எழுத்துக்களின் பட்டியலிலேயே ஸ்டேக் ஓவர்ஃப்ளோவும் அதன் சகோதரத் தளங்களும் அடங்கிய ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச் இடம்பெற்றிருந்தது. இலவசமாக எடுத்துப் போவதற்குக் காசு வாங்கினால் என்ன? 2024 பிப்ரவரியில் கூகுளோடும் மே மாதம் ஓபன்ஏஐ-யோடும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

எழுதியவர்களில் சிலருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பதில்களை இயந்திரத்துக்குத் தீனியாக விற்க நீங்கள் யார் என்று தங்கள் பதில்களைத் தாங்களே அழிக்கவும் மாற்றவும் ஆரம்பித்தார்கள். நிறுவனம் பழைய பதில்களை மீட்டு வைத்தது, அழித்தவர்களின் கணக்கைத் தற்காலிகமாக முடக்கியது. சட்டப்படி நிறுவனத்தின் பக்கம் வலுவானது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்த பிறகு திரும்ப வாங்க முடியாது. ஆனால் அதே உரிமம் எழுதியவர் பெயரைச் சொல்லச் சொல்கிறதே? ஒப்பந்தத்தின்போது ஓபன்ஏஐ சாட்ஜிபிடியில் ஸ்டேக் ஓவர்ஃப்ளோவின் பங்கைக் குறிப்பிடும் என்று அறிவித்தார்கள். லட்சம் பேரின் எழுத்தைக் கரைத்துக் குடித்த ஒரு மாடல் உமிழும் வரியில் யாருடைய பெயரை எழுதுவது என்பதற்கு அறிவிப்பில் விடை இல்லை. 2024 ஜூலையிலிருந்து இலவச மூட்டையை எடுக்கவும் தளத்தில் நுழைந்து, இதை வைத்து மாடல்களுக்குப் பயிற்சி அளிக்க மாட்டேன் என்று உறுதி கூற வேண்டியிருக்கிறது.

2014 வாக்கில் மாதம் 2 லட்சம் அளவில் கேள்விகள் வந்தன. 2024 கடைசியில் அது 30,000-க்கும் கீழே போய்விட்டது, அதன் பிறகும் இறங்குமுகம்தான். கறார் சபை தன் வினையைத் தானே அறுக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் 2024-ல் 'பிஎன்ஏஎஸ் நெக்ஸஸ்' இதழில் வந்த ஆய்வு கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. சாட்ஜிபிடி எளிதில் கிடைக்காத ரஷ்ய, சீன மொழித் தளங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், அது வந்த 6 மாதத்தில் ஸ்டேக் ஓவர்ஃப்ளோவின் நடவடிக்கை 25 சதவீதம் சரிந்திருந்தது. குறைந்தவை கத்துக்குட்டிகளின் கேள்விகள் மட்டுமல்ல. அனுபவசாலிகளின் எழுத்தும், தரமான எழுத்தும் சேர்ந்தே குறைந்தன.

கவலைப்பட இதுதான் காரணம். பைத்தான் மொழியை எடுத்துக்கொள்ளலாம். அதன் 3-வது பதிப்பு 2008 டிசம்பரில் வந்தபோது, திரையில் ஒரு வரியை அச்சிடும் 'பிரின்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயமானது. பழைய முறையில் எழுதப்பட்ட எண்ணற்ற பதில்கள் ஒரே நாளில் செல்லாக்காசாகும் நிலை. 2-வது பதிப்புக்கு ஆதரவு 2020-ன் முதல் நாளில் முடிவதற்குள், முன்பின் தெரியாத பலர் அந்தப் பதில்களைத் தேடித் தேடித் திருத்தினார்கள். இது இனி ஓடாது, அப்படி எழுதுங்கள் என்று கீழே குறிப்புப் போட்டார்கள். ஒருவர் இடறி விழுந்த இடத்தில் கல்லை அகற்றிவிட்டுப் போனால் அடுத்து வரும் லட்சம் பேருக்கு வழி சுத்தம். இன்று ஒவ்வொருவரும் தனித் தனி ஜன்னலில் இயந்திரத்தோடு ரகசியமாகப் பேசுகிறார்கள். தப்பான பதில் வந்தால் திட்டிவிட்டு, சரியான பதிலைத் தாங்களே கண்டுபிடித்துவிட்டு, ஜன்னலை மூடிவிடுகிறார்கள். அது அடுத்தவருக்குத் தெரிய வழியில்லை. நாளை வரப்போகும் மென்பொருள் பற்றிய பொதுப் பதில்களை யாரும் எழுதாவிட்டால் இயந்திரமும் எதைப் படிக்கும்?

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. 2024-ல் 'ஸ்டேஜிங் கிரவுண்ட்' என்ற ஒத்திகை மேடை வந்தது: புதியவரின் முதல் கேள்வியைச் சபையில் வைப்பதற்கு முன் அனுபவசாலிகள் தனியாகப் பார்த்துத் திருத்த உதவுகிறார்கள். 2025-ல் மனிதர்கள் எழுதிய பழைய பதில்களிலிருந்து எடுத்து, யார் எழுதியது என்ற சுட்டியோடு விடை சொல்லும் 'ஏஐ அசிஸ்ட்' வந்தது. எது சிறந்தது, ஏன் என்று அபிப்பிராயம் கேட்கும் கேள்விகளுக்கும் கதவு திறந்தது. அபிப்பிராயம் என்றாலே இழுத்து மூடிய சபை அது என்பது நினைவிருப்பவர்களுக்கு இதில் சிரிப்பு வராமல் இருக்காது. இவற்றில் ஒத்திகை மேடை ஒன்றுதான் 10 ஆண்டுக்கு முன்பே வந்திருக்க வேண்டியது.

2025-ம் ஆண்டின் கணிப்பில் 84 சதவீதம் பேர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள், அல்லது பயன்படுத்தப்போகிறார்கள். அவற்றின் விடை சரியாக இருக்கும் என்று நம்புபவர்கள் 33 சதவீதம், நம்பாதவர்கள் 46. கிட்டத்தட்டச் சரி, ஆனால் முழுக்கச் சரியில்லை என்ற பதில்கள்தான் பெரிய தலைவலி என்று சொன்னவர்கள் 66 சதவீதம். எதிர்காலத்தில் இயந்திரமே பெரும்பாலான வேலையைச் செய்தாலும் எப்போது இன்னொரு மனிதரிடம் உதவி கேட்பீர்கள் என்ற கேள்விக்கு, அதன் பதிலை நம்ப முடியாதபோது என்று 75 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டேக் ஓவர்ஃப்ளோவுக்கு வருவதில் சில தடவையாவது இயந்திரம் இழுத்துவிட்ட சிக்கலுக்கு விடை தேடித்தான் என்று சுமார் 35 சதவீதம் பேர் தெரிவித்தார்கள்.