கிராண்டில் யார் பெயர்?

பங்சார் என்றதும் இன்றைக்குப் பெரிய வீடுகளும் பளபளக்கும் கார்களும்தான் கண்முன் வரும். ஆனால் அந்தப் பெயரே ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பெயர். பூங், கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயரைச் சேர்த்து வைத்த தோட்டப் பெயர், நம்மவர் வாயிலும் மலாய்க்காரர் வாயிலும் புரண்டு புரண்டு பங்சார் ஆனது என்று சொல்வார்கள். நம் முன்னோர் பால் வெட்டிய அந்த மேட்டில்தான் போன மாதம் ஒரு தோழரைப் பார்க்கப் போயிருந்தேன்.

கேரித் தீவில் முப்பத்தெட்டு வருடம் செம்பனைக் குலை வெட்டியவர். அறுபது வயதாகி ஓய்வு பெற்று, தோட்டத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு, மகளோடு பங்சார் அடுக்குமாடி ஒன்றில் தங்கியிருக்கிறார். தோட்டத்திலிருந்து கொண்டு வந்த சொத்து இரண்டு. ஒன்று சாமிப்படம். மற்றொன்று 2003-ஆம் ஆண்டு பெரோடுவா கஞ்சில். கஞ்சில் என்றால் மலாயில் சருகுமான். சருகுமானுக்குத் தோட்டத்தில் இடம் இருந்தது. பங்சார் அடுக்குமாடியில் இல்லை. சாலையோரம் நிறுத்தி, இரண்டு வாரத்தில் மூன்று சம்மன்.

"தம்பி, வித்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா யாருக்கு, எப்படின்னுதான் தெரியல. ஆளுக்கொண்ணு சொல்றாங்க" என்றார்.

சங்க ஆபீசுக்குச் சம்பள வழக்கு வருகிற மாதிரியே இந்தக் கேள்வியும் இப்போது அடிக்கடி வருகிறது. பஸ் வராத தோட்டங்களில் பழைய காடி இல்லாத வீடு குறைவு. அதை விற்கிற நாளும் எல்லாருக்கும் ஒருநாள் வரும். அதனால்தான் இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

அவருக்கு நாலு வழி இருந்தது. கிள்ளானில் ஒரு பழைய கார் வியாபாரி 1,200 வெள்ளி என்றார். இரும்புக்கடைக்காரர் 800 வெள்ளி, தானே வந்து இழுத்துப் போவதாகச் சொன்னார். புதுக் கார் விற்கிற பையன் ஒருவன், "அங்கிள், பழசைக் குடுத்துட்டு மக பேர்ல புதுசு எடுங்க, 2,000 கழிச்சுக்கலாம்" என்றான். நாலாவது, அவர் இருந்த அதே தோட்டத்துப் பிள்ளை ஒருவன். கிள்ளான் துறைமுகப் பக்கம் கிடங்கில் இரவு ஷிப்ட். மோட்டார் சைக்கிளில் மழையில் போய் வர முடியாமல், கையில் 3,500 வெள்ளி வைத்துக்கொண்டு காடி தேடுகிறான்.

ஒரே காடிக்கு ஏன் இத்தனை விலை? வியாபாரி ஏமாற்றுகிறார் என்று உடனே சொல்லிவிட மாட்டேன். இவ்வளவு வயதான காடிக்கு பேங்க் கடன் கொடுப்பது அரிது. ஆகவே அதை வாங்க வருகிறவன் ரொக்கம் வைத்திருக்க வேண்டும். ரொக்கம் வைத்திருக்கிற வசதிக்காரன் கஞ்சில் வாங்க மாட்டான். நம்மைப் போன்ற ஒருவன்தான் சீட்டு எடுத்துச் சேர்த்துக்கொண்டு வருவான். அந்த ஒருவன் வரும்வரை வியாபாரி காடியை வெயிலில் நிறுத்தி வைத்து, பேட்டரி, டயர் மாற்றி, தன் கூலியும் எடுக்க வேண்டும். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் நம் விலையில் கழிக்கிறார். அப்படியானால் அந்த ஒருவனை நாமே தேடிக்கொண்டால் கழிவு மிச்சம். காடி பழசாகப் பழசாக, நேராக ஆள் பார்த்து விற்பதுதான் லாபம்.

ஆனால் அந்த வியாபாரி கூடவே ஒரு பயமும் காட்டியிருக்கிறார். "பதினஞ்சு வருசம் தாண்டின காடியெல்லாம் கவர்மென்ட் எடுத்துடும், இப்ப வித்தாத்தான் காசு" என்றாராம். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2009 அக்டோபரில், பதினைந்து வயது தாண்டிய கார்கள் பரிசோதனை செய்தால்தான் ரோட் டேக்ஸ் புதுப்பிக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியதும் அது கைவிடப்பட்டது. சொந்த உபயோகக் காருக்கு இன்றைக்கும் வயதுக் கட்டு கிடையாது. கஞ்சில் மாதிரி 1000 சி.சி.க்கு உட்பட்ட தனியார் காருக்கு ரோட் டேக்ஸ் வருடத்துக்கு 20 வெள்ளி. உதிரிச் சாமான் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கிடைக்கிறது. 1994-இல் வந்து 2009-இல் தயாரிப்பு நின்ற காடி இன்னமும் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடுகிறதென்றால் காரணம் அதுதான். பயந்து விற்காதீர்கள்.

புதுக் கார் எடுக்கச் சொன்ன பையனைப் பற்றி ஒரே வார்த்தை. 2009 மார்ச்சில் அரசாங்கமே பத்து வயதுக் காரைக் கொடுத்துப் புது புரோட்டோன், பெரோடுவா எடுத்தால் 5,000 வெள்ளி தள்ளுபடி என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. அப்போது நம் தோட்டத்தில் ஓடிப்போய் எடுத்தவர்களில் எத்தனை பேர் தவணை கட்ட முடியாமல் காரைப் பறிகொடுத்தார்கள் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியில் ஒன்பது வருடத் தவணை என்பது காடி அல்ல, கழுத்துக் கயிறு. மகள் பெயரில் அதைக் கட்டி வைக்க வேண்டாம் என்று தோழரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

ஆக, தோட்டத்துப் பையனுக்கே கொடுப்பதென்று முடிவாயிற்று. அவரும் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். "நம்ம புள்ளதானே தம்பி, காச வாங்கிட்டுக் குடுத்துடறேன். பேர் மாத்துறத அவன் நேரம் கெடைக்கறப்போ பாத்துக்குவான்."

அங்கேதான் நான் அவர் கையைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பதினொரு வருடத்துக்கு முன்னால், வேறொரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய தோழர் ஒருவர் தன் புரோட்டோன் இஸ்வாராவை 2,000 வெள்ளிக்கு விற்றார். வாங்கியவர் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். ஒரு வெள்ளைத் தாளில் 'இன்று முதல் இந்தக் காருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். சங்கத்துக்காரன் கையெழுத்துப் போட்டுவிட்டான், இனி என்ன கவலை என்று அவர் நிம்மதியாகப் போனார்.

வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. நாலு மாதத்தில் இன்னொருவருக்குக் கை மாற்றினார். அந்த இன்னொருவர் யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் அவர் எங்கெங்கே சிவப்பு விளக்கைத் தாண்டினார், எங்கெங்கே வேகமாய்ப் போனார் என்பதெல்லாம் தெரியும். ஒவ்வொன்றுக்கும் சம்மன் நம் தோழர் வீட்டுக்குத்தான் வந்தது. கிராண்டில் அவர் பெயர். கட்டாத சம்மன் ஏறிப்போய், லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். லைசென்ஸ் இல்லாதவனை டிராக்டரில் ஏற்ற நிர்வாகத்துக்கும் முடியாது. ஏழு மாதம் புல் வெட்டப் போனார். நாங்கள் அந்த வெள்ளைத் தாளைத் தூக்கிக்கொண்டு கவுண்டர் கவுண்டராக அலைந்தோம். ஒரு கிராணி அதை வாங்கிப் படித்துவிட்டு, "இது உங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கிற பேச்சு. எங்க பதிவுல பேர் மாறலையே" என்று மடித்துக் கொடுத்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. கடைசியில் போலீஸ் ரிப்போர்ட் செய்து, சம்மன் தள்ளுபடிக் காலம் வரும்வரை காத்திருந்து, 2,000 வெள்ளிக்கு விற்ற காடிக்கு அதற்கு மேலேயே கட்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தக் கதையைக் கேட்டதும் பங்சார் தோழர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு என்ன செய்தோமோ அதையே சொல்கிறேன்.

முதலில் அவர் பெயரில் இருந்த சம்மனைக் கட்டித் தீர்த்தோம். பிறகு கிராண்டை எடுத்துப் பார்த்தோம். பேங்க் தவணை முடிந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் சிலருடைய காடியில் பேங்கின் உரிமைக் கோரிக்கை ஜேபிஜே பதிவில் நீக்கப்படாமலே கிடக்கும். அது இருந்தால் பெயர் மாறாது. பேங்கில் கேட்டு விடுவிப்பு வாங்க வேண்டும். நம்மவருக்கு நல்லவேளை அது இல்லை.

அடுத்து புஸ்பகோம் பரிசோதனை. 1994-இலிருந்து இருக்கிற கம்பெனி இது. பெயர் மாற்றத்துக்கான இந்தப் பரிசோதனையில் அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் கிராண்டில் உள்ளதோடு ஒத்துப் போகிறதா, வெட்டி ஒட்டிய காடியா, கண்ணாடிக் கறுப்பு அளவுக்கு மீறியதா என்பதைத்தான். எஞ்சின் எத்தனை நாள் ஓடும் என்று அவர்கள் சான்று கொடுப்பதில்லை. வாங்குகிற தோழர்களும் இதை மனத்தில் வைக்கவும். எஞ்சினுக்குத் தெரிந்த ஒரு போமனைக் கூட்டிப் போவதே மேல்.

கடைசியாக ஜேபிஜே. வாங்குபவர் தன் பெயரில் இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும். நம் இன்சூரன்ஸ் காடியோடு போகாது. பெயர் மாற விற்பவரின் ஒப்புதல், வாங்குபவரின் ஒப்புதல் இரண்டும் பதிவாக வேண்டும். கவுண்டரில் என்றால் இருவர் பெருவிரல் ரேகையும். காருக்குப் பெயர் மாற்றக் கட்டணம் 100 வெள்ளி. இதை யார் கட்டுவது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். நூறு வெள்ளிக்காக கவுண்டர் முன்னால் சண்டை போட்ட மாமன் மச்சானை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே பலரும் கோட்டை விடுகிற விஷயம் ஒன்று. வருடா வருடம் விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஓட்டியதற்கு இன்சூரன்சில் கழிவு தருகிறார்களே, 25 விழுக்காட்டில் தொடங்கி 55 வரைக்கும் ஏறுகிற கழிவு, அது காடிக்குச் சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். விற்றபின் இன்சூரன்சை ரத்து செய்தால் மீதிக் காலத்துக்குப் பணம் திரும்பக் கேட்கலாம். பின்னால் வேறு காடி வாங்கினால் அந்தக் கழிவை அதற்கு மாற்றலாம். கேட்காதவனுக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை.

அப்பா பெயரில் உள்ள காடியை அவர் காலமானபின் விற்க நினைக்கிற பிள்ளைகளே, உங்கள் பாடு வேறு. அவர் ரேகை இனி கிடைக்காது. அமானா ராயாவிலோ உரிய இடத்திலோ சொத்து நிர்வாக உத்தரவு வாங்கித்தான் பெயர் மாற்ற முடியும். அதற்கு முன் எவனாவது "நான் பாத்துக்கறேன்" என்று காடியைக் கொண்டுபோகக் கேட்டால் கொடுக்காதீர்கள். அதேபோல் தவணை முடியாத காடியை 'சம்போங் பாயார்' என்று அடுத்தவன் கட்டச் சொல்லிக் கைமாற்றுவது 1967-ஆம் ஆண்டு தவணை முறைக் கொள்முதல் சட்டப்படி குற்றம். அவன் கட்டாவிட்டால் பேங்க் தேடி வருவது உங்களை.

விலை பேசுகிறபோது இன்னொன்று நடந்தது. ரேடியேட்டரில் சன்னமான ஒழுக்கு இருக்கிறது. தோழரின் மருமகன், "சொல்லாதீங்க மாமா, அவனே பாத்துக்கட்டும்" என்றார். பெயின்ட் அடித்துத் துருவை மறைக்கலாம் என்றும் ஒரு யோசனை சொன்னார். நான் வேண்டாம் என்றேன். புது பெயின்ட் அடித்த பழைய காடியைக் கண்டால் வாங்குகிறவனுக்குச் சந்தேகம்தான் வரும். அடித்த காசும் திரும்பாது. கழுவி, துடைப்பான் மாற்றி, எரியாத விளக்கை எரிய வைத்தால் போதும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் முங்கிய கார்கள் எத்தனை. அந்த வெள்ளத்தில் முங்கிய காடி என்று தெரியாமல் வாங்கிவிட்டு எஞ்சின் நின்று போய் நடுரோட்டில் அழுத நம் பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். அந்தப் பக்கமும் நம்மவர்தானே இருக்கிறார். தோழர் ஒழுக்கைக் காட்டினார். பையன் 200 வெள்ளி குறைக்கக் கேட்டான். 3,300-க்கு முடிந்தது. வியாபாரி சொன்னதற்கு மேல் 2,100 வெள்ளி.

ஒழுகுகிற காடிக்கே ஆள் கிடைத்தது. ஆளே கிடைக்காத காடியை இரும்புக்குப் போட வேண்டி வந்தால் அதிலும் அவசரம் வேண்டாம். இழுத்துப் போனதோடு முடிந்தது என்று இருந்துவிடாமல், ஜேபிஜே பதிவிலிருந்து காடியை நீக்கிய சான்று கைக்கு வரும்வரை விடாதீர்கள். துண்டு துண்டாய் வெட்டினாலும் நம்பர் உங்கள் பெயரில் இருக்கும்.

பாடாங் ஜாவா ஜேபிஜே-யில் இருவரும் விரல் வைத்தார்கள். குலை வெட்டிக் காய்த்துப்போன பெருவிரல். முதல் தடவை ரேகை விழவில்லை. துணியால் துடைத்து, ஊதி, நாலாம் தடவை விழுந்தது. பையன் பெயர் வந்த தாளைப் படித்துப் பார்த்த பிறகுதான் தோழர் பணத்தை எண்ணி வாங்கிச் சாவியைக் கொடுத்தார். "ரெண்டாவது கியர் கொஞ்சம் மக்கர் பண்ணும்டா, அதட்டாம போடு" என்றார். காடி வெளியே போய்த் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நாங்கள் இருவரும் ரயில் ஏறினோம். அறுபது வயதானவருக்கு ரயிலில் பாதிக் கட்டணம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அப்துல்லா ஹுக்கூம் ஸ்டேஷனில் இறங்கி அவர் வீட்டுக்கு நடந்தார்.